அக்காவுக்கு வந்த கட்டி, தம்பிக்கு வந்த புற்றுநோய்: பண்ருட்டிக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 62. கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் நிற்கும் தோப்பு அவருக்குச் சொந்தம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிய பிறகுதான் புதுச்சேரியில் நான் மரபணு ஆலோசகராக வேலை செய்யும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது பலா அறுவடைக் காலத்தில். காய் சுமந்ததால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதை அங்கே சொல்லியிருக்கிறார். வயதானால் அப்படித்தான் என்று பதில் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஆணுக்குப் புதிதாக முதுகு வலி, கூடவே சிறுநீர்த் தொந்தரவு என்றால் புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் மகள் பிடிவாதமாகப் புதுச்சேரிக்கு அழைத்து வந்தாள். பிஎஸ்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 286 நானோகிராம். வழக்கமாக 4-ஐத் தாண்டினாலே மேலே விசாரிப்போம். எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பு, கீழ் முதுகெலும்பு, விலா என்று பல இடங்களில் புள்ளிகள். திசுப் பரிசோதனையில் கட்டியின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 4+5=9, அதாவது வேகமாக வளரும் ரகம்.

சிகிச்சையின் முதல் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டிவிட்டார். 1966-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. காலமெல்லாம் ஊசி போட்டுக்கொள்வதைவிட ஒரே முறையில் முடிந்துவிடும் என்று இவர் விரைகளை அகற்றும் அறுவையைத் தேர்ந்தெடுத்தார். கூடவே, மிச்சமிருக்கும் ஆண் ஹார்மோனையும் தடுக்கும் அபிராட்டெரோன் மாத்திரை. பிஎஸ்ஏ 0.8 வரை இறங்கியது. அவர் தோப்புக்குப் போய் வந்தார், மருந்தடிக்கும் ஆட்களை நின்று மேய்த்தார். பதினோரு மாதம் கழித்து பிஎஸ்ஏ மறுபடி ஏறியது. 3, 17, பிறகு 94. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத கட்டத்துக்கு நோய் போய்விட்டது.

அப்போதுதான் அவருடைய கோப்பு என் மேஜைக்கு வந்தது.

பழைய கோப்பில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் உண்டா என்று கேட்டிருப்பார்கள், இவரும் இல்லை என்றிருப்பார். நான் கேட்டபோதும் அவர் பதில் அதுதான்: "எங்க வம்சத்துல யாருக்கும் இந்த நோய் கிடையாதுங்க." சரி, வீட்டுப் பெண்களில் யாருக்காவது மார்பிலோ வயிற்றிலோ கட்டி வந்ததா என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பேச ஆரம்பித்தார்.

"இவங்க அக்கா, என் நாத்தனார், வயித்துல தண்ணி கோத்துத்தான் போச்சு மேடம். சூல்பையில கட்டின்னு சொன்னாங்க. அம்பத்திநாலு வயசு. இவங்க அத்தை ஒருத்தங்களுக்கு மார்ல ஆபரேஷன் பண்ணாங்க, நான் கல்யாணமாகி வந்த புதுசுல."

நோயாளி திரும்பி மனைவியைப் பார்த்தார். "அது பொம்பளைங்க வியாதி. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்தக் கேள்வியால்தான். ஆணுக்கு வரும் நோய்க்கு ஆண்களின் வரலாற்றை மட்டும் விசாரிக்கும் வழக்கம் நோயாளிகளிடம் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. அவருடைய அப்பா 45 வயதில் லாரி மோதி இறந்துவிட்டார். குறையுள்ள மரபணு அவர் வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நோய் வெளியே தெரியும் வயது வரை அவர் உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட வம்சத்தில் ஆண்களை மட்டும் எண்ணினால் தாள் வெறுமையாகத்தான் இருக்கும்.

2016-ல் கோலின் பிரிட்சர்டும் சக ஆய்வாளர்களும் பரவிய புராஸ்டேட் புற்றுநோயுள்ள 692 ஆண்களைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு இந்த இடத்தில் முக்கியம். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவியிலேயே குறையுள்ளவர்கள் 11.8 சதவீதம் பேர். அதில் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் குறையுள்ளவர்கள் மட்டும் 5.3 சதவீதம். குடும்பத்தில் வேறு ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா என்பதை வைத்து இவர்களைப் பிரித்தறிய முடியவில்லை. நெருங்கிய உறவில் வேறு வகைப் புற்றுநோய் இருந்ததா என்று பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது: குறையுள்ளவர்களில் 71 சதவீதம், இல்லாதவர்களில் 50 சதவீதம். இவர் வீட்டு நாத்தனார் கதைதான் அங்கே எண்களாக வந்திருக்கிறது.

இரண்டு அறிக்கைகள்

மரபணுப் பரிசோதனை இரண்டு விதம். கட்டியின் திசுவில் செய்வது ஒன்று. இரத்தத்திலோ எச்சிலிலோ செய்வது இன்னொன்று. கட்டியில் கிடைப்பது அந்தக் கட்டியின் கதை. இரத்தத்தில் கிடைப்பது பிறவியோடு வந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு குடும்பமே வீணாகப் பயப்படும், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாகத் தூங்கும்.

எலும்பிலிருந்து எடுத்த துணுக்கில் பரிசோதனை பெரும்பாலும் சரியாக வராது. எலும்பைக் கரைக்கப் போடும் அமிலம் டிஎன்ஏவையும் சிதைத்துவிடும். அதனால் முதல் முறை புராஸ்டேட்டிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த திசுவைத் தேடி எடுத்தோம். அறிக்கையில் மூன்று முக்கியமான சங்கதிகள் இருந்தன: டிஎம்பிஆர்எஸ்எஸ்2–ஈஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்களின் இணைப்பு, புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் ஒரு மாற்றம், புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும் ஒரு பிஆர்சிஏ2 மாற்றம்.

எனக்கு முன்பே அறிக்கையைக் கைபேசியில் படித்துவிட்ட மகளுக்கு முதல் வரிதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு மரபணு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அது எங்களுக்கும் வருமா என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு விஞ்ஞானியின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் ஆய்வாளராக இருப்பவர் அருள் சின்னையன். 2005-ல் அவருடைய ஆய்வகத்தில் ஸ்காட் டாம்லின்ஸ் என்ற மாணவரை முதல் ஆசிரியராகக் கொண்டு சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொள்வது அதுவரை பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்களின் குணம் என்றே கருதப்பட்டது. 1960-ல் கண்டறியப்பட்ட பிலடெல்பியா குரோமோசோம் அதற்குப் பேர்போன உதாரணம். புராஸ்டேட், மார்பு, நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் இப்படிப்பட்ட இணைப்புக்குப் பெரிய பங்கில்லை என்பதே பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் நிலைத்ததற்கு ஒரு காரணம், தேடிய முறை. புற்றுநோய்த் திசுக்களையும் சாதாரணத் திசுக்களையும் வைத்து, ஒவ்வொரு மரபணுவும் சராசரியாக எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிடுவார்கள். ஒரு மரபணு பாதி நோயாளிகளிடம் தறிகெட்டு ஓடி, மீதிப் பேரிடம் சும்மா இருந்தால், சராசரியில் அது மங்கிவிடும். சின்னையன் குழு சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு, சிலரிடம் மட்டும் எல்லைமீறித் தெரியும் மரபணு எது என்று கணக்குப் போட்டது. ஈஆர்ஜி, ஈடிவி1 என்று இரண்டு மேலே வந்து நின்றன. ஒருவரிடம் ஒன்று இருந்தால் மற்றது இல்லை. ஏன் என்று துருவிப் பார்த்தபோது, அவற்றின் முன்பகுதியில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற இன்னொரு மரபணுவின் துண்டு ஒட்டியிருந்தது.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்தக் கணக்கு முறைதான். புதிய கருவி எதுவும் வாங்காமல், ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்த தரவை வேறு கேள்வியோடு பார்த்திருக்கிறார்கள்.

டிஎம்பிஆர்எஸ்எஸ்2-ம் ஈஆர்ஜியும் 21-ஆம் குரோமோசோமில், சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்து இடைவெளியில் இருப்பவை. நடுப்பகுதி அறுந்து விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டிஎம்பிஆர்எஸ்எஸ்2-ஐ முடுக்கிவிடுவது ஆண் ஹார்மோன். அதனுடைய முன்பகுதி ஈஆர்ஜியின் தலையில் வந்து உட்கார்ந்ததும், ஹார்மோன் சொன்னபடி ஈஆர்ஜியும் ஓடத் தொடங்குகிறது. ஹக்கின்ஸ் 1941-ல் கண்டதற்கும் மரபணுவுக்கும் இப்படி நேரடி முடிச்சு விழுந்தது. (கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொள்வதும் இதே டிஎம்பிஆர்எஸ்எஸ்2 தரும் புரதத்தைத்தான்.) ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் கட்டியில் இந்த இணைப்பு உண்டு, கிழக்கு ஆசியர்களிடம் குறைவு. இதன் தடயத்தைச் சிறுநீரில் தேடும் பரிசோதனையையும் அதே குழு உருவாக்கியது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். இந்த இணைப்பு அவருடைய புராஸ்டேட் செல் ஒன்றில், அவர் வாழ்நாளில் எப்போதோ நடந்த விபத்து. விந்தணுவில் அது இல்லை. அது மகனுக்கும் போகாது, மகளுக்கும் போகாது. "ஈஆர்ஜி வரியை நீ மறந்துவிடலாம் அம்மா. மூன்றாவது வரிதான் நாம் பேச வேண்டியது" என்றேன்.

பிஆர்சிஏ2, 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களை வைத்து 1994-ல் அதன் இடத்தையும் 1995-ல் அந்த மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இன்றுவரை அது பெண்கள் சமாச்சாரமாகவே பேசப்படுகிறது. 2015-ல் சின்னையனும் பல நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் சேர்ந்து, ஹார்மோனுக்கு அடங்காமல் பரவிய 150 பேரின் கட்டிகளில் உள்ள மரபணுக்களை விரிவாக வாசித்து 'செல்' என்ற இதழில் வெளியிட்டார்கள். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பிஆர்சிஏ2, பிஆர்சிஏ1, ஏடிஎம் ஆகிய மரபணுக்களில் கோளாறு 19.3 சதவீதம் பேரிடம் இருந்தது. பரவாத கட்டிகளில் காண்பதைவிட இது மிக அதிகம். 8 சதவீதம் பேரிடம் பிறவிக் குறையே இருந்தது. நோய் முற்றிய புராஸ்டேட் நோயாளியின் மரபணுவைப் பார்ப்பது வெறும் ஆராய்ச்சி ஆர்வமல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்ல இந்த ஆய்வு பலம் கொடுத்தது.

கட்டியில் தெரிந்த பிஆர்சிஏ2 மாற்றம் பிறவியிலேயே வந்ததா? இரத்தத்தில் பார்த்தோம். இருந்தது. அறிக்கை குழப்பமில்லாமல் வந்ததில் எனக்கு ஆறுதல். நம் மக்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவு என்பதால், நோய் தருமா தராதா என்று தீர்மானிக்க முடியாத மாற்றம் என்றே பல அறிக்கைகள் வந்து நிற்கும். அதைக் குடும்பத்துக்கு விளக்குவது பெரும்பாடு.

மருந்து

இதில் நான் சொல்ல அதிகமில்லை, சிகிச்சை முடிவு புற்றுநோய் மருத்துவருடையது. செல்லில் டிஎன்ஏ பழுதுபார்க்கும் வழிகள் பல. ஊருக்குள் போக இரண்டு பாதை இருந்து, ஒன்று ஏற்கெனவே மழையில் அரித்துப் போயிருந்தால், மற்றதை மறித்ததும் ஊர் துண்டிக்கப்படும் அல்லவா? பிஆர்சிஏ2 இழந்த புற்றுச் செல்லில் பார்ப் என்ற நொதியை மறித்தால் நடப்பது அதுதான். இதையும் 2005-ல்தான் இரண்டு குழுக்கள் நேச்சர் இதழில் காட்டின. பார்ப்பை மறிக்கும் ஓலாபரிப் மாத்திரைக்கு புராஸ்டேட் புற்றுநோயில் அமெரிக்க அனுமதி 2020 மே மாதம் கிடைத்தது. அதற்கு ஆதாரமான சோதனையில், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் குறையுள்ளவர்கள் ஓலாபரிப் எடுத்தபோது ஸ்கேனில் நோய் முன்னேறாமல் இருந்த காலம் 7.4 மாதம். அதே குறையோடு, ஓலாபரிப்புக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.6 மாதம்.

விலைதான் மலை. கார்போபிளாட்டின் என்ற கீமோதெரபி ஊசியும் இப்படிப்பட்ட கட்டிகளில் வேலை செய்யக்கூடியது, செலவும் குறைவு என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். குடும்பம் ஒரு நாள் முழுக்கப் பேசி, தோப்பை இரண்டு வருடக் குத்தகைக்கு விட்டு மாத்திரையைத் தேர்ந்தெடுத்தது. 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. நான்கு மாதத்தில் பிஎஸ்ஏ 94-லிருந்து 11-க்கு வந்தது, முதுகு வலி மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஹீமோகுளோபின் 7.6-க்கு இறங்கியதால் ஒரு முறை இரத்தம் ஏற்றி, அளவை 250 ஆக்கினார்கள்.

முறை மாப்பிள்ளை

இரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்ன அன்று, வீட்டில் யார் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வம்சப் படம் வரைந்தேன். தம்பி, வயது 56. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன். மகள், வயது 26. இறந்துபோன அக்காவின் ஒரே மகன், வயது 30. பேர்களை எழுதும்போது நோயாளியின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையனுக்குத்தான் எங்க பொண்ணைக் கொடுக்கறதா இருக்கோம் மேடம். தை மாசம் நிச்சயம்."

பெண்ணுக்கு அத்தை மகன். நம் பக்கத்தில் இதைவிட இயல்பான சம்பந்தம் கிடையாது. தாய் இல்லாத பையன், சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

மற்ற நாட்டு வழிகாட்டிகளில் ஓரமாக ஒரு வரியில் வரும் விஷயம் இங்கே நடுவீட்டுக்கு வந்துவிடுகிறது. பிஆர்சிஏ2 குறை ஒரு பிரதியில் இருந்தால் புற்றுநோய் ஆபத்து கூடும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் குறையாக வந்தால் சில சமயம் கருவே தங்காது. பிறந்தால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடும் நோய். எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், சிறு குழந்தையிலேயே இரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி, சிறுநீரகக் கட்டி வரலாம். பெண்ணுக்கு இந்தக் குறை இறங்கியிருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காவுக்கு இருந்தது என்று வைத்துக்கொண்டால் பையனுக்கும் இரண்டில் ஒன்று. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று சொல்வது என் வேலை இல்லை. சொல்லவும் மாட்டேன். சொந்தத்தில் கட்டினால் தப்பு என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று எச்சிலில் பார்த்துவிடக்கூடிய காலத்தில் ஊகத்தை வைத்து ஒரு சம்பந்தத்தை முறிக்க வேண்டாம், ஊகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம் என்றேன்.

மகள் தனியாக வந்து பேசினாள். "எனக்கு இருக்குன்னு வந்துட்டா என்னை யார் கட்டுவாங்க?" இதற்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் குறை இருக்கும் பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர 69 சதவீதம், சூலகப் புற்றுநோய் வர 17 சதவீதம் வாய்ப்பு என்று 2017-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. தெரிந்தால் 25 வயதிலிருந்தே மார்பை எம்ஆர்ஐ எடுத்துக் கவனிக்கலாம். குழந்தை பெற்று முடித்து 40–45 வயதுக்குள் சூலகங்களை எடுத்துவிடலாம். அவளுடைய அத்தைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. இதை மட்டும் அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து மாதிரி கொடுத்தாள். அவளுக்கு மாற்றம் இருந்தது.

பையனைத் தனியாக, அவனுக்கென்று தனிக் கோப்பு போட்டுப் பார்த்தோம். இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். பெண்ணின் அம்மா என் அறை வாசலில் நின்று, "என்ன வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அது அவன் உடம்பு, அவன் ரகசியம். பெண்ணின் முடிவையும் அவனிடம் நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அவனுக்கு அந்த மாற்றம் இல்லை என்று வந்ததும், தாளை வாங்கிக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போய் அவனே கொடுத்திருக்கிறான். நிச்சயம் தை மாதமே நடந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஃபான்கோனி பயம் இல்லை. ஒற்றைப் பிரதி இறங்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது, அதையும் இருவரிடமும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினோம்.

தம்பிதான் கடைசி வரை மறுத்தார். "உடம்புல ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குப் போய் வம்பை விலைக்கு வாங்கணும்?" அண்ணன்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார், எப்படி என்று எனக்குச் சொல்லவில்லை. தம்பிக்கும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தது. பிஎஸ்ஏ 5.2. எம்ஆர்ஐயில் சின்னப் புள்ளி, திசுப் பரிசோதனையில் கிளீசன் 3+4=7. புராஸ்டேட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை. பிஆர்சிஏ2 குறை இல்லாத ஒருவருக்கு இந்த அளவில் சில சமயம் காத்திருந்து கவனிப்பது உண்டு. இந்தக் குறை இருப்பவர்களுக்கு நோய் வேகமாகப் போவதால் அறுவை செய்துவிடலாம் என்று சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் முடிவெடுத்தார். சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அறுவைக்குப் பிறகு அவருடைய பிஎஸ்ஏ அளவிட முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது எச்சில் மாதிரி தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு வயது 32. மாற்றம் இருந்தால் 40 வயதிலிருந்து வருடாவருடம் பிஎஸ்ஏ பார்க்க வேண்டும், ஆண்களுக்கும் இந்தக் குறையால் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் மார்பில் தடிப்பு தெரிந்தால் அலட்சியம் செய்யக்கூடாது. மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட அத்தையின் பிள்ளைகள் நெய்வேலிப் பக்கம் இருக்கிறார்களாம். அவர்களுடைய தொலைபேசி எண்ணை நோயாளியின் மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.